சைக்கிள் ஓட்ட ஒரு காரணம் வேணுமாக்கும்?

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். சைக்கிள் ஓட்டினா தொப்பை குறையும், பெட்ரோல் மிச்சமாகும், புகை குறையும்னு அட்வைஸ் பண்ற கட்டுரை இது இல்லை. அதெல்லாம் உண்மைதான், ஏற்கனவே எல்லாரும் சொல்லியாச்சு. ஆனா இப்படி லாபக் கணக்கையே சொல்லிச் சொல்லி ஒரு சின்ன விஷயத்தை மறந்துட்டோம். சைக்கிள் ஓட்டறது ஜாலியா இருக்கும். அந்த ஜாலி, கார் மேல சைக்கிளைக் கட்டிக்கிட்டுப் போய் ஈசிஆர்ல ஓட்டறவங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து கிடையாது. கெங்கவல்லியில இருக்கிறவனுக்கும் அதுல பங்கு உண்டு. இதுதான் என் கட்சி. திட்டணும்னு தோணினா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

எங்க ஊர்ல சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை. விடிஞ்சா பால் கேன் மாட்டின சைக்கிள் போகும். கேரியர்ல மம்முட்டியக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போற பெரியவங்க இன்னும் இருக்காங்க. எட்டு மணிக்கு மேல கவர்மெண்ட் சைக்கிள்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கூட்டமா வரும். இவங்களைப் பார்த்து யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. ஏன்னா ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வேலை இருக்கு. ஆனா கேரியர் இல்லாம, மட்கார்டு இல்லாம, ஸ்டாண்டுகூட இல்லாம, கடாக் கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலேஜ் பையன் தம்மம்பட்டி ரோட்டுல போனா விசாரணை ஆரம்பிச்சுடும். "சும்மா ஓட்டறேங்க"ன்னு சொன்னா யாரும் நம்பறதில்லை. நான் அடிக்கடி வாங்கிக் கட்டிக்கிற கேள்விகளை வரிசையா எடுத்துக்கறேன்.

"பைக் வாங்க வக்கில்லையா?"

என் வண்டி சேலத்துல செகண்ட் ஹேண்டா வாங்கினது. விலை 14,000 ரூபாய். அலுமினியம் ஃப்ரேம், முன்னால ரெண்டு பல்சக்கரம், பின்னால ஏழு. புதுசாவே வேணும்னாலும் ஆரம்ப ரக ரோடு பைக் ஒண்ணு 30,000 ரூபாய்க்குள்ள கிடைச்சுடும். 2025 செப்டம்பர் 22-லேருந்து சைக்கிளுக்கான ஜிஎஸ்டியும் 12 சதவீதத்துலேருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் பாக்கெட்ல இருக்கிற போன் என்ன விலைன்னு ஒரு தடவை யோசிங்க.

மோட்டார் பைக்னா ரோட்டுக்கு வர்றதுக்குள்ள சுமாரா ஒரு லட்சம். மகன் காலேஜ் சேர்ந்ததும் தவணைல பைக் எடுத்துக் கொடுக்கிற அப்பாவை ஊரே மெச்சும். மரவள்ளிக் கிழங்கு விலை விழுந்த வருஷமும் அந்தத் தவணையை அவர்தான் கட்டணும்னு யாரும் பேசறதில்லை. எனக்கு பைக் மேல ஒரு கோபமும் இல்லை, அப்பா வண்டியை நானும்தான் எடுத்துக்கிட்டுப் போறேன். ஆனா கடன் வாங்கி ஓட்டினா கௌரவம், கையில இருக்கிற காசுல ஓட்டினா கேவலம்னு சொல்ற கணக்கை எந்த வாத்தியார் போட்டுக் கொடுத்தார்னுதான் புரியலை.

"வேலை வெட்டி இல்லையா?"

ஏரிக்குள்ள நாள் பூரா கிரிக்கெட் ஆடினா இந்தக் கேள்வி வராது. டீக்கடையில ரெண்டு மணி நேரம் உக்காந்தா வராது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் தள்ளினாலும் வராது. அதெல்லாம் பொழுதுபோக்கு. சைக்கிள் மட்டும் ஏழைங்க கருவி, அதை வச்சு விளையாடக் கூடாது!

2024-ல கமலக்கண்ணன் இயக்கத்துல 'குரங்கு பெடல்'னு ஒரு படம் வந்தது ஞாபகம் இருக்கா? லீவுல வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கத்துக்கிற பையனோட கதை. படம் பார்த்த பெரியவங்க "அந்தக் காலம் வருமா"ன்னு பெருமூச்சு விட்டாங்க. ஏன் வராது? சைக்கிளும் இருக்கு, ரோடும் இருக்கு. பத்து வயசுல ஓட்டினா இனிய நினைவு, இருபது வயசுல ஓட்டினா கிறுக்கு. இது என்ன நியாயம்?

சும்மா ஓட்டறதுல என்ன கிடைக்குதுன்னு கேட்டா, எனக்கு என் ஊர் கிடைச்சுது. ஒரு பக்கம் பச்சமலை, மேற்கே கொல்லிமலை, வடக்கே ஆத்தூரைத் தாண்டினா கல்வராயன் மலை. மூணுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, ரோட்டோரம் மக்காச்சோளம் காயற வாசனை ஒரு இடத்துல முடிஞ்சு, பாக்குத் தோப்போட குளிர்ச்சி எந்த இடத்துல ஆரம்பிக்கும்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. பஸ்ல போனா ஜன்னல், பைக்ல போனா ஹெல்மெட். மணிக்கு இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல போனாதான் சுவேதா நதி எங்க மணல், எங்க முள்ளு, எங்க கொஞ்சம் தண்ணின்னு கண்ணுல படுது. தலைவாசல் பக்கம் தியாகனூர்ல தியானத்துல உக்காந்திருக்கிற பெரிய புத்தர் சிலைகள் இருக்கு. நம்ம மாவட்டத்துல புத்தர் இருக்கார்னு நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? விடியறப்போ கிளம்பினா பார்த்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடலாம்.

"இதெல்லாம் ஒரு ரோடு பைக்கா?"

இது ஊர்க்காரங்க கேக்கறது இல்லை, சிட்டி ஆளுங்க கேக்கறது. கார்பன் ஃப்ரேம் இல்லையா, கியர் செட் என்ன மாடல், பெடல்ல கிளிப் ஷூ இல்லையா? ஒரு லட்சத்துக்குக் கீழ போனா பேச்சையே நிறுத்திடறாங்க. ஊர்க்காரர் என்னைப் பாவமாப் பார்க்கிறார், இவங்க கேவலமாப் பார்க்கிறாங்க. ரெண்டு பேருமே வண்டியை வச்சுதான் ஆளை அளக்கிறாங்க.

கணக்குக்கே வருவோம். டூர் டி பிரான்ஸ் மாதிரிப் போட்டிகள்ல ஓடற சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு சர்வதேச சைக்கிள் சங்கத்தோட விதி. என் வண்டி 11.5 கிலோ. விலை உயர்ந்த வண்டி ஒண்ணு 7 கிலோன்னு வச்சுக்குங்க. நான் 65 கிலோ. அப்போ மொத்த எடை ஒண்ணுல 76.5, இன்னொண்ணுல 72. அதே பலத்தோட மிதிச்சா மலையேத்தத்துல நூத்துக்கு ஆறு வித்தியாசம் வரும். ஒரு மணி நேர ஏத்தத்துல மூணரை நிமிஷம். அந்த மூணரை நிமிஷத்துக்காகத்தான் கூடுதலா ஒரு லட்சம், ரெண்டு லட்சம். பந்தயத்துல ஓடறவனுக்கு அது பெரிய விஷயம். எனக்கு அது ஒரு இளநீர் குடிக்கிற நேரம்.

கவர்மெண்ட் சைக்கிளுக்கும் விலை கம்மியான ரோடு பைக்குக்கும் இருக்கிற வித்தியாசம்தான் நிஜமான வித்தியாசம். முன்னால 44 பல், பின்னால 18 பல் இருக்கிற சாதா சைக்கிள்ல ஒரு சுத்து மிதிச்சா சுமார் ஐந்தரை மீட்டர் போகும். ஏத்தத்துலயும் அதே ஐந்தரை மீட்டர்தான், அதனாலதான் இறங்கித் தள்றோம். ரோடு பைக்ல 34-க்கு 28 போட்டா ஒரு சுத்துக்கு இரண்டரை மீட்டர் போதும். மெதுவா உருட்டிக்கிட்டே ஏறிடலாம். வளைஞ்ச ஹேண்டில்பாரும் ஸ்டைலுக்கு இல்லை. ஆடிக் காத்து எதிர்ல அடிக்கும்போது குனிஞ்சு பிடிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்.

இன்னொண்ணு. நெடுந்தூரம் ஓட்டறவங்க 'பிரவே'ன்னு ஒண்ணு நடத்தறாங்க. 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும். நின்னு சாப்பிடற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட ஆகலை. 1200 கிலோமீட்டர் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸுக்கு 90 மணி நேரம். முதல் பரிசு, ரெண்டாம் பரிசு கிடையாது. வண்டி விலை என்னன்னு எந்த விதியும் கேக்கறதில்லை. உள்ளூர்ல ஓட்டற எங்களை மட்டும் ஏன் கேக்கறீங்க?

"ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவ?"

இது நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். ரோடு பைக் ட்யூப்ல இருக்கிற பிரெஸ்டா வால்வுக்கு நம்ம ஊர் பஞ்சர் கடை பம்ப் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு சட்டைப்பையில இருக்கணும். டயர் அளவும் வேற. சாதா 28 இஞ்சு சைக்கிள் ரிம் 635 மில்லிமீட்டர்னா இது 622, அதனால மாத்திப் போட முடியாது. ஒரு ட்யூப் எப்பவும் கையிருப்பு வேணும். காத்து குறைஞ்சா பள்ளத்துல இடிச்சு ட்யூப் கிழியும், அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது பம்ப் அடிக்கணும். மத்தபடி வீல் கோட்டம் எடுக்கறதுலயும் பிரேக் ஒயர் மாத்தறதுலயும் எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணன் யாருக்கும் சளைச்சவர் இல்லை. கியர் சரி பண்றதை ரெண்டு பேரும் சேர்ந்து வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டோம்.

ரோட்டுல ஆபத்து இருக்கேன்னு கேட்டா, இருக்கு. உளுந்தூர்பேட்டை ஹைவே பக்கம் நான் தலை வச்சுப் படுக்கறதில்லை. கிராமத்து ரோடு, காலை வெளிச்சம், ஹெல்மெட், பின்னால சிவப்பு விளக்கு. ஆனா தார் போடும்போது ஓரத்தை அரை அடிப் பள்ளமா விட்டுட்டுப் போறதும், சைக்கிள்காரன் மண்ணுல இறங்கணும்னு லாரி ஹாரன் அடிக்கிறதும் என்னை மட்டும் பாதிக்கிற விஷயம் இல்லை. அதே ஓரத்துலதான் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் போறாங்க.

கடைசியா, நான் நிஜமா சண்டை போட வந்த விஷயம்

தமிழ்நாட்டுல இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல பட்டியல் இன, பழங்குடியின மாணவிகளுக்காக ஆரம்பிச்சது. 2005-06-ல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு. பீகார்ல 2006-ல மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தாங்க. அதை ஆராய்ஞ்ச கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில சேர்ற பெண்கள் 32 சதவீதம் அதிகமானதா 2017-ல எழுதினாங்க. பெரிய சாதனைதான். ஆனா பிளஸ் டூ முடிஞ்சதும் அந்தச் சைக்கிள் என்ன ஆகுது? எங்க சித்தப்பா பொண்ணு ரெண்டு வருஷம் தினமும் ஓட்டினா. பரீட்சை முடிஞ்சதும் சைக்கிள் மாட்டுக் கொட்டாய்க்குப் போச்சு. "இனிமே அவளுக்கு எதுக்கு?"ன்னாங்க. பள்ளிக்கூடம்னு ஒரு காரணம் இருந்த வரைக்கும் ரோடு அவளுக்கும் சொந்தமா இருந்துச்சு. காரணம் போச்சு, ரோடும் போச்சு.

புதுக்கோட்டையில 1990-களோட தொடக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோட சேர்த்துச் சைக்கிளும் கத்துக் கொடுத்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. அதைப் பத்தி எழுதின பத்திரிகையாளர் பி.சாய்நாத், நேரமும் காசும் மிச்சமானதைச் சொல்றார். அதைவிட, யார் தயவும் இல்லாம தானாப் போய்வர்ற அந்தத் தெம்பைத்தான் பெரிசா வைக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் எங்க ஊர்ல ஒரு பொண்ணு சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்னு சைக்கிளை எடுக்க முடியலை.

அதனால எல்லாரும் உடனே ரோடு பைக் வாங்குங்கன்னு நான் சொல்லலை. காசு இருந்தா வாங்குங்க, உயரத்துக்குச் சரியான ஃப்ரேம் பார்த்து வாங்குங்க. இல்லைன்னா கொட்டாய்ல கிடக்கிற கவர்மெண்ட் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுங்க. அப்புறம் இன்னொண்ணு, முக்கியமா பசங்களுக்கு. பைக் வாங்கித் தரச் சொல்லி வீட்டுல போடற சண்டையில பாதியை, "தங்கச்சி சைக்கிளை விக்காதீங்க, ஞாயித்துக்கிழமை அவ ஓட்டட்டும்"னு போட்டுப் பாருங்க.