ஃபோ சாப்பிடுங்க, கூச்சத்துக்குக் காசு கட்டாதீங்க!

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை. தளியில இருந்து கிளம்பி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருல ஒரு வியட்நாம் நூடுல்ஸ் கடையில உட்கார்ந்திருக்கீங்க. எதிர்ல ஆவி பறக்குற ஃபோ. "இது வீண் செலவு"ன்னு நான் சொல்லப் போறதில்லை.

எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வெச்சு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு எடுக்கிற சூப். அதுல அரிசி நூடுல்ஸ். ஹனோய்ல இது ரோட்டோரம் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து சாப்பிடுற காலை டிபன். இங்கே கடை வாடகைக்கும் ஏசிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். தெரிஞ்சே கொடுத்தா தப்பில்லை.

ஆனா ஒரு உதாரணக் கணக்கு பாருங்க. ரெண்டு ஃபோ 900 ரூபாய். ரெண்டு மாக்டெயில் 400. சர்வீஸ் சார்ஜ் 10%, அதாவது 130. இது எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி 5%. பில் கிட்டத்தட்ட 1,500 ரூபாய். போக வர கேப் 2,000. மொத்தம் 3,500. இதுல ஃபோவோட பங்கு கால்வாசிதான்!

ஜிஎஸ்டி வரி, கட்டியே ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படியில்லை. அதை பில்லுல தானா சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிடுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரின்னு தீர்ப்பு கொடுத்துச்சு. "எடுத்துடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. மறுத்தா 1915-க்குப் போன் பண்ணுங்க. பரிமாறினவரோட கவனிப்பு பிடிச்சிருந்தா, டிப்ஸை அவர் கையிலயே கொடுங்க.

நான் முதல் வேலையில இருந்தப்போ இதைக் கேட்கவே இல்லை. கூட வந்தவங்க என்ன நினைப்பாங்களோன்னு கூச்சம். "பஸ்ல போலாம்"னு சொல்லவும் கூச்சம். ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? எல்லாத்தையும் கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். அடுத்த மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். பல கார்டுகள்ல மாசம் 3.5%-க்கும் மேல வட்டி. சாப்பிட்ட ருசி மறந்து போச்சு, வட்டி மறக்கலை.

என் கருத்து இதுதான்: நம்ம பர்ஸைக் காலி பண்றது ஃபோ இல்லை, கூச்சம். மாசம் ஒரு தடவை வெளியில சாப்பிட ஒரு தொகையை ஒதுக்குங்க. அந்தப் பணம் அக்கவுண்ட்ல இருந்தா மட்டும் கிளம்புங்க. பில் வந்ததும் ஒவ்வொரு வரியாப் படிங்க.

உங்க கடைசி ஹோட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு? எடுத்துப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.