14 கோடியே 20 லட்சமும், அன்று நான் கொடுத்த 2 ஓவரும்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் பாதியிலேயே எழுந்து போன பழக்கம் உள்ளவர்கள் இப்போதும் போகலாம். வருகைப் பதிவேடு இப்போது என் கையில் இல்லை.

மார்கழி முதல் நாள், டிசம்பர் 16 அன்று, அபுதாபியில் ஐபிஎல் ஏலம் நடந்தது. நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு சின்னப் பையன்களை எடுத்தது. உத்தரப் பிரதேசத்துப் பிரஷாந்த் வீர், வயது 20. ராஜஸ்தான் கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இருவரையும் எடுத்த விலை தலா 14 கோடியே 20 லட்சம். இந்திய அணிக்கு இன்னும் ஆடாத எந்த வீரருக்கும் இதுவரை இவ்வளவு விலை போனதில்லை. 2022இல் ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடிதான் அதுவரை உச்சம்.

அன்று ராத்திரியே நம்ம பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் தீர்ப்பு வாசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஒருவர் "28 கோடி தெண்டம்" என்கிறார். இன்னொருவர் இந்த ஏலத்தில் எடுத்த புதுமுகங்களை எல்லாம் "தேறுவார்கள்", "தேற மாட்டார்கள்" என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, கோடு போட்டு அனுப்புகிறார். என் தங்கச்சி மகன், "மாமா, எழுதி வச்சுக்கோங்க. கார்த்திக் தேறுவான், பிரஷாந்த் ஊத்திக்கும்" என்றான். "எத்தனை மேட்ச் பார்த்தே மாப்ளே?" என்று கேட்டேன். "ரீல்ஸ்ல பார்த்தேன் மாமா" என்றான்.

முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் என்னிடம் மதிப்பெண் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பட்டியல்களில் விடை மட்டும்தான் இருக்கிறது. இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று நான் விட்டுவிடப் போவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விலை. நம்ம ஊர்ப் பூ மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். மார்கழி, தை மாதத்தில் பனி விழுந்து மல்லிகை வரத்துக் குறைந்தால் விலை எங்கேயோ போகிறது. ஆடியில் கூடை கூடையாக வந்து இறங்கினால் விழுந்துவிடுகிறது. தையில் பூத்த பூவுக்கு ஆடிப் பூவைவிட மணம் கூடுதல் என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா? அன்றைக்கு எத்தனை பேருக்குப் பூ வேண்டும், எவ்வளவு பூ வந்திருக்கிறது, யார் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து விழுகிற எண்தான் விலை.

ஐபிஎல் ஏலமும் அப்படித்தான். 2025இல் சென்னை 14 ஆட்டத்தில் 4 மட்டும் வென்று, வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஆக, இடது கையில் சுழற்பந்து வீசி, மட்டையும் பிடிக்கிற ஓர் ஆள் தேவை. நடுவரிசையில் ஓங்கி அடிக்கிற ஓர் ஆளும் தேவை. கையில் 43 கோடியே 40 லட்சம் இருந்தது. எதிரே பணம் வைத்திருந்தவர்களும் விடவில்லை. விலை ஏறியது. 14 கோடியே 20 லட்சம் என்பது சென்னையின் தேவைக்கு விழுந்த எண். அந்தப் பையன்கள் தங்களுக்குத் தாங்களே விலை எழுதிக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒருவன் 5 பந்தில் 3 ரன் எடுத்து அவுட் ஆனால் "14 கோடிக்கு 3 ரன்னா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை ஏலப் பலகையைத் தூக்கியவரிடம் கேளுங்கள். பையனிடம் கேட்காதீர்கள்.

விலையை வைத்து ஆளை எடை போட்டவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதற்கு வெளியூர்க் கதையே வேண்டாம், சென்னை அணியின் கதையே போதும். 2021இல் கிருஷ்ணப்பா கௌதமை 9 கோடியே 25 லட்சத்துக்கு எடுத்தார்கள். சென்னைக்காக ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. "தேறவில்லை" என்று எழுதுவீர்கள். பரீட்சையே எழுத விடாத பையனை எப்படி ஐயா ஃபெயில் என்று போடுவது?

2024 சீசனுக்குச் சமீர் ரிஸ்வியை 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தார்கள். சந்தித்த முதல் பந்தையே, அதுவும் ரஷீத் கான் பந்தை, சிக்ஸர் அடித்தார். "அடுத்த ரெய்னா" என்று இதே குழுவில் போட்டீர்கள். 8 ஆட்டத்தில் 51 ரன் என்றதும் அதே ஆட்கள் "தெண்டம்" என்று போட்டீர்கள். சென்னை விட்டுவிட்டது. அடுத்த ஏலத்தில் டெல்லி 95 லட்சத்துக்கு எடுத்தது. 2025 மே மாதம் பஞ்சாபுக்கு எதிராக 207 ரன் இலக்கைத் துரத்தும்போது, 25 பந்தில் 58 எடுத்து கடைசிவரை நின்று ஜெயித்துக் கொடுத்தார். அன்று குழுவில் ஒரே அமைதி. போட்ட தீர்ப்பை ஒருவரும் திருத்தவில்லை.

அதே 2025இல் ஆயுஷ் மாத்ரே. ஏலத்தில் யாருமே எடுக்காத 17 வயதுப் பையன். ருதுராஜுக்குக் காயம் என்று நடுவில் 30 லட்சத்துக்குக் கூப்பிட்டார்கள். பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. நீங்கள் போட்ட எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை.

இனி நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். 6 ஆட்டத்தில் 2 விக்கெட். "முடிஞ்சது கதை" என்றார்கள். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஓர் ஆட்டமும் கொடுக்காமல் உட்கார வைத்தது. ஆனால் வெளியே அனுப்பவில்லை. 2020இல் தொடர்ந்து வாய்ப்புக் கிடைத்தது. 16 விக்கெட், யார்க்கர் மழை. வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 3 கோடி நடராஜனும் 40 லட்சம் நடராஜனும் ஒரே ஆள்தானே? விலை ஏறியபோது அவர் கீழே இருந்தார், விலை இறங்கியபோது மேலே வந்தார்.

வருண் சக்கரவர்த்தியை 2019 சீசனுக்குப் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. ஈடன் கார்டனில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ரன். அந்த சீசன் முழுக்க அந்த ஒரே ஆட்டம், பிறகு காயம். பஞ்சாப் விட்டது. கொல்கத்தா பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்து, கூடவே வைத்துக்கொண்டது. 2020இல் 17 விக்கெட். 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட இல்லாமல் திரும்பினார். மறுபடி "முடிஞ்சது கதை". 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 3 ஆட்டத்தில் 9 விக்கெட். அந்த முதல் ஓவரோடு எல்லோரும் கைவிட்டிருந்தால்?

சாய் சுதர்சனைக் குஜராத் எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம், ஐபிஎல் சம்பளத்தைவிடக் கூடுதல்! குஜராத் அவரை 2022இல் 5 ஆட்டம், 2023இல் 8 ஆட்டம் என்று படிப்படியாக ஏற்றியது. 2025இல் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி.

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, இங்கேயும் இதே கூத்துதான்" என்கிறான். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரிப் பையன்களை டிராஃப்ட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்களாம். கடைசியில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவர்களுக்கு ரிசீவர் என்று பெயர். 2020இல் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு முன்னால் 4 ரிசீவர்களை எடுத்துவிட்டார்கள். இன்று அந்த நால்வரையும்விட முன்னால் நிற்பவர் ஜெஃபர்சன். 2023இல் பூக்கா நாக்குவா என்ற பையனை 177ஆவது ஆளாக எடுத்தார்கள். முதல் வருஷமே 1,486 கெஜம், புதுமுக ரிசீவர்களில் சாதனை. முதலில் காயம்பட்ட மூத்த வீரர் ஒருவரின் இடத்தில் அவருக்கு ஆட்டம் கிடைத்ததாம். பரிசோதனைக்கூடமும் கணினியும் வைத்து அளக்கிற ஊரிலேயே இந்த லட்சணம் என்றால், ரீல்ஸ் பார்த்து அளக்கிற நாம் எம்மாத்திரம்?

"அப்படின்னா பேசவே கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். பேசலாம், ஆனால் வழிமுறை எழுதிவிட்டுப் பேசுங்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன். ஒன்று, அணியில் இவனுக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கிறதா? இரண்டு, நடராஜனின் யார்க்கர் மாதிரி, வேறு ஆளிடம் எளிதில் கிடைக்காத ஒரு வேலை இவன் கையில் இருக்கிறதா? மூன்று, முதல் வருஷம் சொதப்பினாலும் இரண்டாம் வருஷம் வைத்திருப்பார்களா?

இதன்படி என் கணிப்பு, என் தங்கச்சி மகன் சொன்னதற்கு நேர்மாறு. ஜடேஜா விட்டுப்போன இடம் அப்படியே காலியாக இருக்கிறது. பந்து போடவும் மட்டை பிடிக்கவும் தெரிந்த பிரஷாந்துக்கு ஒன்றில் சறுக்கினாலும் இன்னொன்றில் பிழைக்க வழி உண்டு. கார்த்திக்கோ கீப்பர். சாம்சனும் தோனியும் இருக்கிற அணியில் கையுறை அவருக்குக் கிடைக்காது. கடைசி ஓவர்களில் இறங்கி, வந்த பந்திலிருந்தே அடிக்க வேண்டும். அந்த இடத்தில் எவனும் நாலு ஆட்டத்தில் இரண்டில் சொதப்பத்தான் செய்வான். ஆகவே முதல் வருஷக் கணக்கில் பிரஷாந்த் முந்தலாம். ஆனால் இது கணிப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. இருவருக்கும் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டமாவது கொடுக்காமல் "தேறவில்லை" என்று சென்னை அணி சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

"திறமை இருக்கிறவன் எப்படியும் மேலே வருவான் சார்" என்று ஒருவர் பின்னூட்டம் போடுவார். எனக்குத் தெரியும். நானும் அதை நம்பியவன்தான். எனக்கு எப்படிப் புத்தி வந்தது என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பள்ளி அணியை நான்தான் பார்த்துக்கொண்டேன். விசைத்தறித் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவன், இடது கை வேகம். வெறுங்காலோடு பந்து போடுவான். வட்டாரப் போட்டியில் 2 ஓவர் கொடுத்தேன். பயத்தில் மூன்று வைடு. மொத்தம் 23 ரன். ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும், "உனக்கு இது சரிப்பட்டு வராதுலே" என்றேன். மறுநாள் வகுப்புக்கு வந்தான். மைதானத்துக்கு அப்புறம் வரவேயில்லை.

அதே போட்டியில் இன்னொரு பையன். தெரிந்தவர் மகன், வெள்ளை ஷூ, சொந்த மட்டை. முதல் ஆட்டத்தில் பூஜ்யம், அடுத்ததிலும் பூஜ்யம். அவனுக்கு மட்டும் ஆறு ஆட்டம் கொடுத்தேன். ஆறாவதில் அரை சதம் போட்டான், பிறகு மாவட்ட அணி வரை போனான். "பார்த்தவுடனே தெரிஞ்சுட்டது, என் கண்ணு தப்பாது" என்று எத்தனை ஆசிரியர் அறையில் பெருமை அடித்திருப்பேன்! கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது. ஒருவனுக்கு ஆறு ஆட்டம், ஒருவனுக்கு 12 பந்து. என் கண்ணு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

போன ஆடித்தபசு அன்று தேரடிப் பக்கம் அந்த முதல் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, தலை நரைத்துவிட்டது, தறிதான் ஓட்டுகிறான். பக்கத்தில் அவன் மகன், ஏழாம் வகுப்பு. "சார், இவனும் இடது கைதான். ஒரு நாள் வந்து பாருங்க. தேறுவானான்னு நீங்க சொன்னாச் சரி" என்றான். என்னிடம் போய்க் கேட்கிறான்! கோபம் துளிகூட இல்லை அவன் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா. யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் முழுசாப் போட விடு" என்றேன்.

அவன் நம்ம குழுவில் இருக்கிறான். நீங்கள் போடுகிற "தெண்டம்" பட்டியல்களை அவனும் படிக்கிறான், அவன் மகனும் எட்டிப் பார்க்கிறான். பிரஷாந்துக்கும் கார்த்திக்குக்கும் நம்ம தீர்ப்பு போய்ச் சேராது. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேரும். உங்களில் பலர் இன்று ஆசிரியர், சிலர் பயிற்சியாளர், எல்லாருமே அப்பா அம்மா. அங்கே பழகிய வாய் இங்கேயும் அப்படித்தான் பேசும். அரையாண்டு மதிப்பெண் வேறு வரப்போகிறது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மார்ச்சில் ஆட்டம் தொடங்கியதும், "தேறினான், தேறவில்லை" என்று போடுகிற ஒவ்வொரு பதிவிலும் எத்தனை ஆட்டம் கொடுத்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாத பதிவுக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

மாப்ளே, உன் பந்தயத்தை ஏற்கிறேன். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும். ஆனால் கணக்கு முடிப்பது 2028இல்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்,
சங்கரன்கோவில்