சுண்ணாம்புச் சுவரை இடிக்குமுன்

"பழைய கோயில் பலமிழந்துவிட்டது; இடித்துவிட்டுப் பெரிதாய்க் கட்டுவோம்." யூபிலி ஆண்டு நெருங்கும்போதெல்லாம் பங்குப் பேரவைகளில் எழும் குரல் இது. எழுந்த வேகத்தில் நிதிக்குழு அமைகிறது. நன்கொடைச் சீட்டு அச்சாகிறது. பொறியாளர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். அச்சுவர் எதனால் ஆனது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

கேட்கும் உரிமை பம்மலில் வாழும் நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு. கல்லின் கதையைக் கண்ணெதிரே கண்டவர்கள் நாம். பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளின் கருநீலக் கல் எளிய கல்லன்று. முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் அதைக் குடைந்து குகைக்கோயில் சமைத்துத் தன் விருதுப் பெயர்களைப் பொறித்தான். 1690இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கும் இவ்வகைக் கல்லே போயிற்று. 1893இல் அதை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலார், அந்த மனிதரின் பெயரால் 'சார்னோகைட்' என்று அதற்குப் பெயரிட்டார். பரங்கிமலையிலுள்ள அக்கல் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். ஊர் நம்முடையது, கல் நம்முடையது, பெயர் மட்டும் கல்கத்தாக் கல்லறைக்காரருடையது!

பெருமை அவ்வளவோடு நின்றது. பின்னர் வெடி வைத்தோம், உடைத்தோம், ஜல்லியாக்கிக் கான்கிரீட்டுக்குள் கொட்டினோம். ஒருகாலத்தில் சிற்பி உளிகொண்டு அளந்து எடுத்த கல்லைப் பின்னாளில் லாரிகள் அளந்தன. மலையிருந்த இடங்களில் பள்ளங்களும் அவற்றில் தேங்கிய நீருமே மிச்சம். வெயிலில் ஜல்லி உடைத்த ஏழைக் குடும்பங்களின் நுரையீரல் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. கான்கிரீட் மலிவானது என்று எவரேனும் சொன்னால், அவரைப் பம்மலுக்கு அழைத்து வாருங்கள்.

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு இழுக்கும் கல்லுருளையால் வட்டப் பள்ளத்தில் அரைத்தெடுத்தது காரை. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லக் கரைசலும் அதில் கலந்தன. சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்பப் பெற்று அது மீண்டும் கல்லாகிறது. நுண்ணிய வெடிப்பு விழுந்தால், உள்ளே புகும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அவ்விடத்திலேயே படிய வைக்கும். சுவர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். செங்கல்லைவிடக் காரை மென்மையானது. அது குறையன்று, அறிவு. அசைவும் ஈரமும் தாக்கும்போது காரை தேய்ந்து செங்கல்லைக் காக்கும். தேய்ந்த காரையைப் புதுப்பிக்க ஒரு கொத்தனாரும் ஒரு கரண்டியும் போதும்.

மேலே பாருங்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று உலகம் அறிந்த தளம் நம் பட்டணத்தின் கொடை. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நெருக்கி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, சித்தாள் பெண்கள் வரிசையாய் அமர்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை, துருவும் இல்லை. கடற்காற்று வீசும் இச்சென்னையில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடித்துப் பருத்த கம்பி தளத்தைப் பெயர்த்துத் தள்ளும் காட்சியை எத்தனை அடுக்குமாடிகளில் காண்கிறோம்!

ஆயின் பழைய ஆலயங்களில் ஈரம் ஏறுவதும் பூச்சு உதிர்வதும் பொய்யா? பொய்யன்று. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறோம். நாமறிந்த ஒரு சிற்றூர் ஆலயத்தில், திருவிழாவுக்கு அழகூட்டுவதாக எண்ணி, சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். மார்பளவு உயரத்துக்கு மினுமினுக்கும் டைல்ஸ் ஒட்டினார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் டைல்ஸுக்கு மேலே ஈரம் ஏறிற்று, உப்புப் பூத்தது, செங்கல் மாவாய் உதிர்ந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்பின் வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்டு அவ்வழியை அடைத்தது. மூச்சை அடைத்துவிட்டு, 'கிழவர் சாகக் கிடக்கிறார், வெளியேற்றுங்கள்' என்கிறோம்.

எதிர்வாதம் வலுவற்றதன்று. சுண்ணாம்பும் தேக்கும் உள்ளவர்களின் வீட்டுக்கே கிட்டின. ஏழை கூரைக்குடிசையில்தான் இருந்தான். அவனுக்கு ஒழுகாத தளம் தந்தது சிமெண்டே. ஒப்புகிறோம். பர்மாக் காடுகளை வெட்டி வந்த உத்திரங்கள் புனிதமானவை என்றும் நாம் சொல்லவில்லை. சாந்தோமில்கூடப் போர்த்துகீசியர் காலத்து ஆலயத்தை இடித்துத்தானே 1896இல் இன்றைய பேராலயம் எழுந்தது என்பர். ஆம், இழந்ததை இனிப் பார்க்கவியலாது என்பதற்கும் அதுவே சான்று. அப்பால் பரங்கிமலை உச்சியில் 1523இல் எழுந்த ஆலயத்துக்கு இன்றும் படியேறுகிறோம். வீடில்லாதவனுக்குச் சிமெண்டு வீடு வேண்டும் என்பது வேறு; நன்றாய் நிற்கும் ஆலயத்தை உடைத்துச் சிமெண்டு மண்டபமாக்குவது வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை நியாயப்படுத்தலாகாது.

'இன்று சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் எங்கே?' என்பது அடுத்த கேள்வி. சேப்பாக்கத்து ஹுமாயூன் மஹாலை 2020களின் தொடக்கத்தில் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்தது. ஆட்கள் கிடைத்தார்கள், தேடினார்கள், கிடைத்தார்கள். வேலை கொடுக்காமலே வேலைக்காரர் அருகிவிட்டனர் என்பது நம் பழக்கம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, ஆலயத்தின் மதிப்புமிக்க கலைப்பொருள்கள் கைவிட்டுப் போகாமல் ஆயர்கள் காக்க வேண்டும் என்கிறது. 2015இல் வெளியான திருத்தந்தை பிரான்சிஸின் 'இறைவா உமக்கே புகழ்' மடல், இயற்கையின் சொத்தோடு வரலாற்று, பண்பாட்டுச் சொத்தும் ஆபத்தில் இருப்பதை எடுத்துக் காட்டுகிறது. சிமெண்டு உற்பத்தி உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டுக்குக் காரணம். மடலை மறையுரையில் வாசித்துவிட்டு, மறுவாரம் கடப்பாரையைக் கையில் எடுப்பது எவ்வகைப் பக்தி?

ஆகவே நிதிக்குழுவுக்கு முன்னரே ஒரு குழு வேண்டும். சுண்ணாம்பு அறிந்த ஒருவர் அதில் இருக்கட்டும். சிமெண்டுப் பூச்சை ஒரு சுவரிலேனும் பெயர்த்துவிட்டு, இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கட்டும். இடம் போதாவிடில் பக்கத்தில் தாழ்வாரம் இறக்கட்டும். ஊரிலுள்ள முதிய கொத்தனாரை அழைத்து, கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று பங்கு இளைஞர் இருவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவர் எழுபதைக் கடந்தவராக இருப்பார். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் இன்னும் கிடைக்கிறது.