செயலியின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும்

கைப்பேசியில் வங்கிச் செயலியைத் தேடும் வாடிக்கையாளர் முதலில் காண்பவை அதன் சின்னமும் பெயரும். அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அது செயலியை வெளியிட்டவரின் பெயர். முதற்பெயரைவிட அந்த இரண்டாம் பெயரையே நாம் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செயலி வெளியிடுவோருக்கெனக் கூகுள் நிறுவனம் ‘பிளே கன்சோல்’ என்னும் தளத்தை நடத்துகிறது. ஒரே முறை 25 டாலர் செலுத்தி, அடையாளத்தை மெய்ப்பித்து அங்கே கணக்குத் தொடங்கலாம். ஆப்பிள் நிறுவனம் ஆண்டுக்கு 99 டாலர் பெறுகிறது. செயலியின் தலைப்பு, சின்னம், விளக்கம் யாவும் வெளியிடுபவரே நிரப்புபவை. ‘தரவுப் பாதுகாப்பு’ என்னும் பகுதியும் அவ்வாறே: அது வெளியிடுபவர் தாமே அளிக்கும் உறுதிமொழி, கூகுள் வழங்கும் நற்சான்று அன்று. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டோர் பலர்.

ஆயினும் இம்முறையில் வலுவான காவல் ஒன்று உண்டு. ஒவ்வொரு செயலியும் வெளியிடுபவருக்கே உரிய மின்னணுத் திறவுகோலால் ஒப்பமிடப்படுகிறது. அந்த ஒப்பத்தோடு பொருந்தாத புதிய பதிப்பை ஆண்ட்ராய்டு கைப்பேசி பழைய செயலியின்மேல் ஏற்பதில்லை. ஆகவே ஏமாற்றுவோர் உண்மையான செயலியைத் தொடுவதில்லை. ‘கேஒய்சி புதுப்பிக்கவும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதே சின்னத்துடன் வேறொரு செயலியை நிறுவச் செய்கின்றனர். அங்கே அந்தக் காவலுக்கு வேலையே இல்லை.

கடன் செயலிகள் பயனரின் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பெறக்கூடாதென 2023 மே 31 முதல் கூகுள் தடுத்தது. உறவினரை அழைத்துக் கடனாளியை அவமதிக்கும் வழக்கத்துக்கு அது தாமதமாக வந்த தடை. ரிசர்வ் வங்கியும் கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

வங்கிகளின் இணையதளங்கள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. ஒரே பார்வையில் இனங்காண உதவும் அத்தகைய பொது அடையாளம் வங்கிச் செயலிகளுக்கும் வேண்டும். அதுவரை வங்கிகள், தம் செயலிகளை வெளியிடும் கணக்கின் பெயரை எழுத்துப் பிசகாமல் பாஸ்புக்கின் பின்னட்டையிலும் கிளை அறிவிப்புப் பலகையிலும் அச்சிடலாம். (இன்று பின்னட்டையை நிரப்புபவை பெரும்பாலும் விளம்பரங்களே.) இதற்கு முன்னதாக ஒவ்வொரு வங்கியும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: தன் செயலிகள் அனைத்தையும் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவருதல். ஒப்பந்ததாரரின் பெயரில் ஒன்றும் வங்கியின் பெயரில் மற்றொன்றுமாக வெளியிட்டுவிட்டு, வாடிக்கையாளரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது முறையன்று.