தூக்க மாத்திரை அன்று, மிட்டாயும் அன்று!



பாடநூல், பயிற்றி, இலக்கணம் என்றே எழுதிவந்த இப்பக்கத்தில் இன்று ஒரு மருந்தைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். ஆயினும், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு மாத்திரை இருமல் மிட்டாயைப்போல் கைமாறுவதைக் கண்டபின் வாய்மூடி இருக்க மனம் ஒப்பவில்லை. அவ்வாறு கைமாற்றியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு சில மாதங்கள் எனக்குச் சரியான உறக்கமில்லை. இரவு இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். கிளினிக்கிற்குச் சென்றேன். ஐந்து நிமிடத்திற்குள் 30 மாத்திரைகளோடு வெளியே வந்தேன். "இது தூக்க மாத்திரை இல்லை, டீச்சர். பழக்கமாகாது, பயப்படாதீங்க," என்றார் மருத்துவர். உறையில் 'இரவில் ஒன்று, தூக்கத்திற்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

அது அமித்திரிப்டிலின், 25 மில்லிகிராம். மனச்சோர்வுக்கென 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பழைய மருந்து. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே தேடிப் படித்துத்தான் அறிந்தேன். ஏன் சொல்லவில்லை? 'மனநோய் மருந்து என்றால் நம்மவர்கள் வாங்கமாட்டார்கள்' என்பதுதான் காரணமென்று நினைக்கிறேன். நம்மிடையே அந்தக் கூச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், நோயாளியின் கூச்சத்தைக் காட்டி மருந்தின் இயல்பை மறைப்பது எந்த நியாயம்?

இம்மருந்து உறக்கம் தருவது எப்படி? உடலிலுள்ள ஹிஸ்டமின் என்னும் பொருளின் வேலையை அது தடுக்கிறது. பழைய வகைச் சளி மாத்திரைகள் கண்ணைச் செருகவைப்பதும் இதே வழியில்தான். ஆக, மனச்சோர்வு மருந்தின் பக்கவிளைவு ஒன்றையே இங்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். மற்றப் பக்கவிளைவுகள் மட்டும் வீட்டில் தங்கிவிடுமா? வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கும், சிறுநீர் தடைப்படும், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரியும். மனச்சோர்வுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை தேவைப்படும். உறக்கத்திற்கு 10 அல்லது 25 போதும் என்கிறார்கள். அளவு குறைந்தால் இடர் குறையும் என்பது உண்மைதான். இல்லாமற்போகும் என்பது உண்மையன்று.

இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 28 மணி நேரம் பிடிக்கும். இரவு பதினொன்றுக்கு விழுங்கிவிட்டு, விடியுமுன்னே காரை எடுக்கும் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சமிக்ஞை விளக்கில் நின்றிருந்த பள்ளிப் பேருந்தின் பின்புறம் சட்டென்று என் கண்முன் வந்தது. இரண்டடி இடைவெளியில் கார் நின்றது. பேருந்துக்குள் பிள்ளைகள் இருந்தனர்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? இல்லையே! அதே வாரம் சக ஆசிரியை ஒருவர், "அக்கா, எனக்கும் தூக்கமே இல்ல, ரெண்டு குடுங்க," என்றார். கொடுத்தேன். அவர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர் என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. மறுநாள் காலைச் சபைகூடலில், வெயிலில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். மாணவர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'மருத்துவர்களே கொடுக்கிறார்கள், உலகமே உண்கிறது, நீ என்ன கண்டாய்?' என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். உறக்கமின்மைக்கு மனச்சோர்வு மருந்துகள் பயன்படுகின்றனவா என்பதைக் கோக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2018இல் ஆராய்ந்தது. மிகப் பரவலாக வழங்கப்படும் அமித்திரிப்டிலினுக்கு அதில் சேர்க்கத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. டிரசொடோன் என்னும் மற்றொரு மருந்தை உறக்கமின்மைக்குப் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2017இல் பரிந்துரைத்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு: டாக்செபின். அதுவும் 3 அல்லது 6 மில்லிகிராம் என்னும் மிகச் சிறிய அளவில். அதற்கென்றே 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகளைப் பழிப்பது என் நோக்கமன்று. மனச்சோர்வும் உறக்கமின்மையும் சேர்ந்து வாட்டும் ஒருவருக்கு மிர்டசாபின் நல்ல துணையாகலாம் (பசியும் எடையும் கூடும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்). நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அமித்திரிப்டிலின் உதவுகிறது. எனவே, இதைப் படித்துவிட்டு இன்றிரவே யாரும் மாத்திரையைக் குப்பையில் வீசிவிடாதீர்கள்! பல வாரங்கள் உண்டதைத் திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைவலி, படபடப்பு வரும். உறக்கம் முன்னிலும் மோசமாகும். அடங்கியிருந்த மனச்சோர்வு மீண்டும் தலைதூக்கலாம். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் முதலில் 10 மில்லிகிராமாகக் குறைத்து, பிறகு நிறுத்தினார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அமித்திரிப்டிலின் அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சின்னஞ்சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு உலை வைக்கும். தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் வைக்கும் பொருளா இது? பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை தரும். வீட்டில் பதின்ம வயதினர் இருந்தால், 'பரீட்சை நேரம், தூங்கட்டும்' என்று உங்கள் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள். மனச்சோர்வு மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. தாத்தா பாட்டிக்கும் வேண்டாம். விழுதல், குழப்பம், கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் என முதியோருக்கு இடர்கள் மிகுதி. மதுவோடு சேர்த்தால் எவருக்கும் ஆபத்து.

மாத்திரைக்கு முன்னே செய்யத்தக்கது வேறொன்று உண்டு. உறக்கமின்மைக்கான அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, உறக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது எனச் சில வாரப் பயிற்சி அது. நம்மூர்க் கிளினிக்குகளில், அதுவும் தமிழில், இதை யார் சொல்லித் தருகிறார்கள்? மாத்திரை எழுத ஐந்து நிமிடம் போதும். இதற்கு ஐந்து வாரம் வேண்டும். நள்ளிரவு வரை புலனக் குழுவில் வந்து விழும் பள்ளிச் சுற்றறிக்கைகளுக்கு மருந்து உண்டா என்பது வேறு கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இனிக் கிளினிக்கில் மாத்திரையை வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: இது எந்த நோய்க்கான மருந்து? நான் உண்ணும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? எத்தனை நாளில், எப்படி நிறுத்துவது? மருத்துவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

என்னிடம் 11 மாத்திரைகள் மீந்திருந்தன. அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டேன், பெற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா," என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது.