பழைய கீபோர்டைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

பழுதான கம்ப்யூட்டர் கீபோர்டை எடைக்குப் போடுவது நம் வணிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. நானும் போன ஆண்டு அப்படித்தான் போட இருந்தேன். போடாமல் விட்டதால் தெரிந்துகொண்ட சில விஷயங்களை மளிகைக்கடை நண்பர்களும் மொத்த வியாபாரிகளும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சின்னாளப்பட்டியில் எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2007-ல். அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாட் வரி அமலுக்கு வந்தது. அதுவரை பேரேடும் கணக்கப்பிள்ளையும்தான். கம்ப்யூட்டரோடு வந்தது டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு. ரயில் டிக்கெட் கவுண்டரிலும் அரசு அலுவலகங்களிலும் 'டக் டக்' என்று சத்தம் போடுமே, அதே ரகம். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து பில் போடும் வேலை இரண்டு பங்கானபோது அதன் அருமை தெரிந்தது. சத்தம் கேட்டால் எண் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கண் கீபோர்டைப் பார்க்க வேண்டியதில்லை. எடைத் தட்டையும் வாடிக்கையாளர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பில் போடலாம்.

அதன் மேல் ஒருநாள் டீ கொட்டிவிட்டது. யார் கை என்று கேட்க வேண்டாம், என் கைதான். துடைத்துவிட்டுத் தொடர்ந்தோம். நாலைந்து நாளில் பூஜ்யம் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. சில நேரம் விழாது, சில நேரம் இரண்டாக விழும். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்குப் போட்ட பில்லில் 1,200 ரூபாய் சரக்கு 120 ஆகிவிட்டது. மறுநாள் அவரே வந்து மீதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிக் கொடுக்காதவர் எத்தனை பேரோ, கணக்கில் தெரியாது. பூஜ்யம் இரண்டாக விழுந்திருந்தால் நம் பெயர் என்ன ஆகியிருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியதே.

திண்டுக்கல்லில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் ரிப்பேர் பண்ற காலமா? புதுசு நானூறு ரூபாய்தான்" என்றார்கள். வாங்கி வந்தேன். பதினான்கு மாதத்தில் அதுபோல இன்னும் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. பழையது பரணில் கிடந்தது. அதை எடைக்குப் போட எடுத்தபோதுதான், பில் பிரிண்டர் பார்க்க வந்த உள்ளூர்த் தம்பி தடுத்தார்: "அண்ணே, இதைப் போடாதீங்க. ஒவ்வொரு கீயும் தனி ஸ்விட்ச். கெட்டதை மட்டும் மாத்தலாம்."

விஷயம் அதுதான். மலிவு ரகத்தில் எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். தாளில் ஓடும் கோடு ஓரிடத்தில் விட்டாலும் ஒரு வரிசையே போய்விடும். பிரித்தாலும் சரி செய்வது கடினம். பழைய கோல்டில் இருப்பதோ செர்ரி என்ற ஜெர்மானியக் கம்பெனியின் ஸ்விட்ச். நீல நிறத் தண்டு, ஒரு சுருள் வில், தங்க முலாம் தொடுமுனை. கீ 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி தாண்டியதும் 'டக்' என்று சொல்லி எழுத்தைப் போடும். ஒரு ஸ்விட்ச் 5 கோடி முறை அழுத்தத் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. நம் ஊர் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் இழை அறுந்தால் முடிந்து ஓட்டுவார். தறியைத் தூக்கிப் போடமாட்டார்.

தம்பி வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார், எந்தக் கீ எங்கே என்று தெரிய. பிறகு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே பதினைந்து வருட வியாபாரம் இருந்தது: சீரகம், மல்லித்தூள், வெல்லப் பிசுக்கு, ஒரு குண்டூசி. மூடிகள் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறி நிழலில் காய்ந்தன. வெயிலில் வைத்தால் நெளிந்துவிடுமாம். பலகையை பிரஷ்ஷால் தட்டி, டீ ஒட்டிய ஸ்விட்சுகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு நூறு தடவை அழுத்தினார். பெரும்பாலானவை உயிர் பெற்றன. பூஜ்யமும் எண்பகுதி என்டரும் மட்டும் தேறவில்லை.

அப்போது அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. புது ஸ்விட்ச் வாங்கிவரச் சொல்லவில்லை. "ஸ்க்ரோல் லாக், பாஸ் இரண்டையும் என்றைக்காவது அழுத்தியிருக்கீங்களா?" என்றார். பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. அந்த இரண்டு ஸ்விட்சையும் ஈயப்பற்றை உருக்கி எடுத்து பூஜ்யத்துக்கும் என்டருக்கும் வைத்தார். கெட்டவை இரண்டும் வேலையில்லாத இடத்துக்குப் போயின. கிடங்கில் தூங்கும் சரக்கைக் கேட்கும் இடத்துக்கு மாற்றும் வியாபாரப் புத்திதான் இது, வேறென்ன?

கூலி 350 ரூபாய். இன்னொரு செலவும் வந்தது. பழைய கீபோர்டின் உருண்டை முனை புதுக் கம்ப்யூட்டரில் சேராது. இதற்கென விற்கும் மாற்று முனைகளில் உள்ளே சிப் உள்ளதை வாங்க வேண்டும். வெறும் முனையை மாற்றித் தருவது இந்தக் கீபோர்டுகளுக்குப் பெரும்பாலும் உதவாது. பழைய கம்ப்யூட்டரிலேயே மாட்டுபவர்கள் அதை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஓடும்போது செருகினால் போர்டே போகக்கூடும்.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரப்பர் விரிப்பு ரகம் போனால் போனதுதான். பலகையின் செம்புக் கோடு துருப்பிடித்திருந்தால் தம்பியே வேண்டாம் என்பார். சீசன் நேரத்தில் கல்லாவை நிறுத்திவிட்டு ரிப்பேருக்குக் காத்திருக்கவும் முடியாது. ஒரு மலிவுக் கீபோர்டு கையிருப்பில் இருக்கட்டும். என் வாதம் கணக்கைப் பற்றியது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைய அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், நானூறு ரூபாய்ப் பொருளை மூன்று முறை வாங்கியதைச் செலவாகவே நினைப்பதில்லை. கொள்முதல் விலையைப் பார்க்கிறோம். அது எத்தனை மாதம் உழைக்கும் என்று பார்ப்பதில்லை. ஈ-கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் அமலில் உள்ளன. ஆனால் குப்பைக்குப் போன பிறகு எழும் கேள்வியைவிட, குப்பைக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி அல்லவா முதலில் வர வேண்டும்?

மத்திய நுகர்வோர் துறை 2022-ல் 'ரிப்பேர் உரிமை' பற்றிக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து ஊரில் ஆள் இல்லாவிட்டால் என்ன பயன்? தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுப் பல் சரி செய்து கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கோத்ரெஜ் 1955-ல் தொடங்கிய தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை 2009-ல் நிறுத்தியது. அந்த மெக்கானிக்குகளின் கைவேலை யாரிடம் போய்ச் சேர்ந்தது? நம் தம்பியும் மாதத்தில் நாலைந்து வேலைதான் வருகிறது, திருப்பூருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன் என்கிறார். அவர் போய்விட்டால் எடைத் தராசு, பில் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நாம் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே கிடைக்கும் பதில் என்னவென்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவர் பரணிலும் இதுபோல ஒன்றிரண்டு கிடக்கும். எடைக்குப் போட்டால் ஒரு டீக்காசு வரலாம். அதைச் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். தேறுவதைச் சரி செய்து புதிதாகக் கடை வைப்பவருக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். தேறாததில் ஸ்விட்சும் மூடியும் உதிரிப் பாகமாகும். மாதத்தில் ஒருநாள் தம்பியை அழைத்து உட்கார வைத்துக் கூலி கொடுப்பதைச் சங்கம் ஏற்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்று மலிவுக் கீபோர்டுகளோடு வருகிறேன்; அவை எதற்கும் உதவாது என்றாலும், செலவுக் கணக்குக்குச் சாட்சியாக இருக்கட்டும்.