சாலை விபத்துகளுக்குத் தனி விசாரணை அமைப்பு தேவை

விபத்து விசாரணையில் இரண்டு கேள்விகள் உண்டு: குற்றவாளி யார், இதே விபத்து மறுபடி நடக்காமலிருக்க எதை மாற்ற வேண்டும். ரயிலுக்கும் விமானத்துக்கும் இரண்டாவது கேள்வியைக் கேட்க இந்தியாவில் தனி அமைப்புகள் உள்ளன. ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் 1941 முதல் ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதை விசாரித்தவரும் அத்தகைய ஆணையரே. விமான விபத்துகளுக்கான புலனாய்வுப் பிரிவு 2012இல் ஏற்பட்டது. சாலைக்கு மட்டும் காவல் நிலையந்தான்.

தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலைகளில் கன்டெய்னர் ட்ரெய்லரும் கம்பெனி பஸ்ஸும், ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளியும் ஒன்றாகச் செல்கிறார்கள். ஓரத்தில் நிறுத்திய ட்ரெய்லரின் பின்னால் இருட்டில் ஒரு பைக் மோதுகிறது என்று கொள்வோம். எஃப்.ஐ.ஆரில் யாரோ ஒருவர் பெயருக்கு எதிரே அஜாக்கிரதை என்று எழுதப்படும். மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைச் சோதித்துச் சான்று தருவார். ட்ரெய்லரின் பின்புறம் ஒளிரும் பட்டை இருந்ததா, பின்தடுப்புக் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம், விளக்கு எரிந்ததா, ஓட்டுநர் கடைசியாகத் தூங்கியது எப்போது, தொழிற்சாலைக்குள் விடும் நேரத்துக்காகத்தான் அங்கே நின்றாரா, நிறுத்த வேறு இடம் இருந்ததா? இவற்றையெல்லாம் துருவிப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. காவல்துறையைக் குறைசொல்லிப் பயனில்லை. சட்டம் அவர்களிடம் கேட்பது குற்றம் சாட்டத்தக்க ஒருவரைத்தான். ஒரகடத்திலேயே உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் காரை மோதவிட்டு, உள்ளே அமர்த்திய பொம்மைகள் மீது விழும் அடியை அளக்கிறார்கள். வெளியே நடக்கும் நிஜ மோதலுக்கும் அந்தக் கவனம் உரியது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, விபத்துக் காரணங்களை ஆழமாக ஆராயும் திட்டம் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி தமிழக அரசு ஒரு விசாரணை அமைப்பை ஏற்படுத்தி, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் பணியைத் தொடங்க வேண்டும். அது காவல்துறைக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ கட்டுப்படக் கூடாது; சாலையைப் போட்டவரே அதன் குறையை எழுதுவது கடினம்.

அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1975இல் போக்குவரத்துத் துறையிலிருந்து முற்றிலும் பிரிந்தது. அதன் பரிந்துரைக்குப் போக்குவரத்துச் செயலர் 90 நாளில் பதில் தர வேண்டும். அதன் அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக்க முடியாது. இவ்விரண்டு விதிகளும் இங்கே வேண்டும்; இரண்டாவது விதி இங்கே குற்ற வழக்குக்கும் பொருந்த வேண்டும். கண்ணயர்ந்ததை ஓட்டுநர் உள்ளபடி சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லே அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. குற்ற வழக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் தத்தம் சாட்சியங்களைக் கொண்டு தனியே நடக்கட்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு உரிய தொகை இந்த விசாரணைக்காக ஒரு நாளும் தாமதமாகக் கூடாது. அறிக்கைகள் தமிழில், எவரும் படிக்கும்படி வெளியாக வேண்டும்.